முதல் தோசையைத் தூக்கிப் போடாத ஜெசிந்தா அக்கா

“அது முதல் தோசை அக்கா. தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க” என்றேன்.

ஜெசிந்தா அக்கா தூக்கிப் போடவில்லை. திரையில் ஒரு கோடு கோணலாக எழும்பி, பைய இறங்கி, அதன் பிறகே நேராகியிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார். பிறகு சேமிக்கும் பொத்தானை அமுக்கினார்.

“இருந்துட்டுப் போட்டும் சார். எடத்தையா அடைக்குது?”

ஜன்னலுக்கு வெளியே வயலில் பிசானப் பருவத்து நெல் நடவு. மின்விசிறி சுற்றச் சுற்ற சேற்று வாடை உள்ளே வந்தது. நைட்ரஜன் குடுவையின் கழுத்தில் வெண்பனி பூத்து, உருகி, மேஜையில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ பசி. சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் பத்துக் கோடாவது எடுத்துவிட வேண்டும் என்ற பறப்பு. அவருக்கு ஒரு பறப்பும் இல்லை.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் பெருமையையே அளந்துகொண்டிருக்கிறேன் என்று வீட்டில் ஒரு குறை இருக்கிறது. இந்த வாரம் அது தீர்ந்துவிடும்.

மூத்த மாணவி

சேரன்மகாதேவி போகும் சாலையில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் வாத்தியார். ஜெசிந்தா அக்கா என்னிடம் பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தவர். காகிதத்தில் நான் வழிகாட்டி, அவர் மாணவி. வயதில் என்னைவிட ஆறு வருஷம் மூத்தவர். அதனால் அவர் என்னை ‘சார்’ என்பார், நான் அவரை ‘அக்கா’ என்பேன்.

மணப்பாட்டுக்காரர். அப்பா கடலுக்குப் போனவர். கணவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. அக்கா ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தார். சனிக்கிழமையும் லீவு நாளும் எங்கள் லேபுக்கு வருவார். ஞாயிறு பூசைக்குப் போய்விடுவார், அதில் மட்டும் பேச்சே கிடையாது.

முதல் நாள் நான் கேட்ட கேள்வி, “இந்த வயசுல எதுக்கு அக்கா இந்தப் பாடு?”

“பிள்ளைய ரெண்டும் படிச்சு வேலைக்குப் போயாச்சு சார். இப்பதான் வீட்டுல எனக்குப் படிக்க மேஜை காலியாயிருக்கு.”

எங்கள் துறையில் சிலர் சிரித்தார்கள். பொழுது போகாமல் வருகிறார், ஒரு வருஷத்தில் நின்றுவிடுவார் என்றார்கள். நான் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர எனக்கும் அதே நினைப்புதான். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

உறைந்து நிற்கும் அலை

நாங்கள் ஆராய்ந்த பொருளுக்கு நீல வெண்கலம் என்று பேர். வெண்கலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாலிப்டினம், பொட்டாசியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த படிகம். எள்ளைவிடக் கொஞ்சம் நீளம். கத்தரிப்பூ நிறத்துக்கும் கருநீலத்துக்கும் நடுவே ஒரு மினுக்கம். முதன்முதலாகப் பூதக்கண்ணாடியில் பார்ப்பவர்கள் மூக்குத்தியில் பதிக்கலாமா என்றுதான் கேட்பார்கள்.

செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் எந்தப் பக்கமும் ஓடும். இந்தப் படிகத்தில் அணுக்கள் சங்கிலி சங்கிலியாக நிற்பதால் ஒரே திசையில்தான் சுலபமாக ஓட முடியும். இப்படிப்பட்ட உலோகத்தை நன்றாகக் குளிர வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் சீரான இடைவெளியில் கூட்டம் சேரும். ஓரிடத்தில் நெருக்கம், அடுத்து இளக்கம், மறுபடி நெருக்கம். அணுக்களும் அதற்குத் தக்கபடி துளி நகர்ந்து கொடுக்கும்.

மின்னூட்டமே அலை வடிவில் உறைந்து நிற்கிற இந்த நிலைக்கு மின்னூட்ட அடர்த்தி அலை என்று பெயர். அலை வந்தவுடன் நேற்றுவரை உலோகமாக இருந்தது கரண்டை விட மறுக்கும். படிகத்தில் உள்ள சின்னச் சின்னக் குறைகள் அலையைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லத் தள்ளினால் அசையாது. ஓர் அளவுக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்துத் தள்ளினால் மொத்த அலையும் பிடி விட்டுச் சேர்ந்தே நகரும். அந்த அளவைத் தொடக்க அளவு என்போம். அதை அளப்பதுதான் என் பிழைப்பு.

இருபது வருஷமாக இதைப் பார்க்கிறேன். அலை நகரத் தொடங்கி, கோடு சட்டென்று மேலே திரும்பும் அந்த இடத்தில் இன்றைக்கும் எனக்கு மயிர் சிலிர்க்கும்.

காளியின் மடியில்

குளிர்ச்சிக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். கங்கைகொண்டான் பக்கமிருந்து முருகேசன் அண்ணாச்சி லோடு ஆட்டோவில் கொண்டுவருவார். “மூடியத் தொறந்தா புகையாப் போகுது. இதுக்கா சார் இம்புட்டுப் பத்திரம்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆனால் ஒரு வேகத்தடையில்கூட குடுவையைக் குலுக்கியதில்லை.

படிகத்துக்கு மின் இணைப்பு கொடுப்பது அக்காவின் வேலை. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் நான்கு. அதைப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்து ஒட்டி, சின்னப் பெட்டியில் எடுத்து வருவார். நான் ஒட்டினால் பத்தில் மூன்று நிற்கும். அவர் ஒட்டியது பெயர்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு தசரா சமயம். திருச்செந்தூர் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் டவுனுக்குக் காணிக்கை பிரிக்க வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் காளி. தகரத்தில் செய்த கைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு மட்டும் முழு சீட்டு. கையில் பெட்டியோடு நின்ற அக்காவுக்கு ஒவ்வொரு பிரேக்குக்கும் உயிர் போய் உயிர் வந்திருக்கிறது.

“தாயே, இது குலுங்காம இருக்கணும், கொஞ்சம் மடியில வச்சிக்கிடுங்கன்னேன் சார். திருநெல்வேலி வாற வரைக்கும் மனுசன் மூச்சுகூட சத்தமா விடல.”

அன்று எடுத்த கோடுகள் அந்த வருஷத்திலேயே சுத்தமானவை. காளிக்கு நன்றி சொல்லி ஆய்வேட்டில் ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். சிரித்தாரே தவிர வேண்டாமென்று சொல்லவில்லை.

லேபின் வழக்கம்

இப்போது தோசைக்கு வருகிறேன்.

எங்கள் லேபில் ஒரு முறை உண்டு. படிகத்தின் வழியே கரண்டைத் துடிப்பு துடிப்பாக முன்பக்கம் செலுத்துவோம், பத்துப் பன்னிரண்டு தடவை. கடைசியாகச் சில துடிப்புகள் பின்பக்கம். ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் ஒரு கோடு விழும். கம்பி இணைப்பில் வெப்பநிலை வித்தியாசத்தால் வருகிற பொய்யான மின்னழுத்தத்தைக் கழிக்க இப்படித் திருப்பிச் செலுத்துவது எல்லா இடத்திலும் இருக்கிற பழக்கம்தான். பிறகு டீ. டீ குடித்துவிட்டு வந்து அடுத்த சுற்று.

அந்த அடுத்த சுற்றின் முதல் கோடு மட்டும் எப்போதும் கோணும். இரண்டாவதிலிருந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். கல் காயாமல் ஊற்றின முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்வதில்லையா, அப்படித்தான் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். எனக்கு முன்னால் இருந்தவர் தூக்கிப் போட்டார், நான் போட்டேன், என் மாணவர்கள் போட்டார்கள். அதற்குப் பேரே முதல் தோசை என்று ஆகிவிட்டது.

அது மட்டுமில்லை. ‘எத்தனை முறை அளந்தாலும் ஒரே கோடுதான், முந்தைய அளவீட்டின் பாதிப்பு எதுவும் இல்லை’ என்று என் கட்டுரைகளில் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை அக்கா ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தார். அத்தனையும் முதல் கோடுகள்.

“இதுல பதினோரு தோசை பியாம வந்திருக்கு சார்.”

“வரட்டும், நல்லதுதானே.”

“அந்தப் பதினொண்ணுக்கும் முந்தின சுத்துல நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.”

பார்த்தேன். பதினோரு இடத்திலும் அவருடைய குண்டு எழுத்தில் ஒரே குறிப்பு: ‘கரண்ட் போச்சு.’ அதாவது முன்பக்கம் செலுத்தி முடித்ததும் மின்சாரம் நின்றிருக்கிறது. பின்பக்கம் செலுத்த முடியவில்லை. குடுவையில் நைட்ரஜன் இருந்ததால் படிகம் மட்டும் குளிரிலேயே இருந்திருக்கிறது. மின்சாரம் வந்து அடுத்த சுற்றைத் தொடங்கினால் முதல் கோடே நேராக வந்திருக்கிறது.

“பார்ல வலை மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும் தெரியுமா சார்?” என்றார். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு. “வடக்க இழுத்துட்டு விட்டா வலை வடக்க சாஞ்சே கெடக்கும். மறுபடி வடக்க இழுத்தா ஒடனே விறைக்கும். தெக்க இழுத்தா மொதல்ல தொய்வு போகணும், வலை அந்தப் பக்கம் திரும்பணும், பொறவுதான் விறைக்கும். நம்ம அலையும் அப்படித்தான் செய்யுது. கடைசியா எந்தப் பக்கம் தள்ளுனோம்னு அதுக்கு ஞாபகம் இருக்கு. நாம ஒவ்வொரு டீக்கு முன்னாலயும் பின்பக்கம் தள்ளிட்டுப் போயிருதோம். வந்து முன்பக்கம் தள்ளுதோம். அது திரும்புத கோணலைத்தான் நீங்க தூக்கிப் போடச் சொல்லுதீய.”

இந்த அலைகளுக்கு இப்படி ஞாபகம் உண்டென்று உலகில் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். நானும் வாசித்திருக்கிறேன், வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். என் மேஜையிலேயே அது தினமும் வந்து நின்றதுதான் எனக்குத் தெரியவில்லை.

சிவப்பு மை

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. அந்த ஞாபகம் எத்தனை நேரம் நிற்கிறது, எவ்வளவு தள்ளினால் அழிகிறது, எந்த வெப்பநிலையில் மங்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து அளந்தார். அவருடைய ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அதுதான்.

அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘இந்த ஆய்வகத்தின் முந்தைய அளவீடுகளில் முதல் கோடு நீக்கப்பட்டு வந்தது.’ நான் சிவப்பு மையால் அதை அடித்தேன். இது தேவையில்லை அக்கா, அத்தியாயத்தின் ஓட்டம் கெடுகிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி சார் என்று எடுத்துவிட்டார். ஓட்டமாவது மண்ணாவது, எனக்குப் பயம்.

வெளித் தேர்வாளரின் அறிக்கை வந்தது. மற்ற அத்தியாயங்களைப் பாராட்டியிருந்தார். ஐந்தாவதைப் பற்றி மட்டும், ‘இந்தக் கோணல் மின் இணைப்பு சூடாவதால்கூட வரலாம். ஞாபகம் என்பதற்கு ஆதாரம் போதாது. அத்தியாயத்தை நீக்கவும். அல்லது வாய்மொழித் தேர்வன்று நேரில் காட்டவும்’ என்று எழுதியிருந்தார்.

அக்காவின் பதிவுக்கு அது கடைசி நீட்டிப்பு. நேரில் காட்டப் போய் சொதப்பினால் மறுபடி எழுதச் சொல்வார்கள். எழுத நாள் கிடையாது, ஏழு வருஷ உழைப்பு அப்படியே போய்விடும். அத்தியாயத்தை எடுத்துவிட்டால் பட்டம் நிச்சயம்.

“எடுத்துருவோம் அக்கா. பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் தனியா கட்டுரையாப் போடலாம்.”

“பட்டம் இல்லன்னாலும் திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிப் பாடம் எடுக்கத்தான் போறேன். அஞ்சாவது இல்லன்னா இது நான் எழுதினது இல்ல சார். காட்டிருவோம்.”

வராண்டாவில்

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். கருவியை எப்படி இயக்குவது என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. நான் என் இஷ்டத்துக்கு முன்பக்கமோ பின்பக்கமோ தள்ளிட்டுக் கூப்பிடறேன். நீங்க வந்து ஒரே ஒரு துடிப்பு செலுத்திப் பாத்துட்டு, நான் கடைசியா எந்தப் பக்கம் தள்ளினேன்னு சொல்லணும். மூணு தடவை.”

கதவைச் சாத்திக்கொண்டார். வராண்டாவில் நாங்கள் இருவர். நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கா அக்கா?”

“இணைப்பு ஒட்டினது நான்தான, அது விடாது. எனக்கு இப்ப உங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு சார். தண்ணி குடிக்கீயளா?”

முதல் தடவை. அக்கா உள்ளே போய் முன்பக்கமாக ஒரு துடிப்பு செலுத்தினார். கோடு நேராக எழும்பியது. “முன்பக்கம் தள்ளியிருக்கீய.” தேர்வாளர் தலையாட்டினார்.

இரண்டாவது தடவை கோடு கோணியது. “பின்பக்கம்.” மறுபடி தலையாட்டல்.

மூன்றாவது தடவை எங்களை வெகுநேரம் நிற்க வைத்தார். உள்ளே போனோம். கோடு கோணித்தான் எழும்பியது. “இதுவும் பின்பக்கம்தான் சார்” என்றார் அக்கா.

“இல்லையே” என்றார் தேர்வாளர். “கடைசியா நான் முன்பக்கம்தான் தள்ளினேன்.”

எடுத்துவிடலாம் என்று அப்போதே சொன்னேனே என்றுதான் மனசு முதலில் முனகியது. அப்பேர்ப்பட்ட வழிகாட்டி நான்.

அக்கா திரையை இன்னொரு முறை பார்த்தார். அவசரமே படவில்லை. தாம் சொன்னதை மாற்றவும் இல்லை.

“எவ்வளவு தள்ளுனீய சார்?”

தேர்வாளர் தன் குறிப்புத் தாளைப் பார்த்தார். “தொடக்க அளவுல பாதி.”

“அப்ப அது தள்ளுனதே இல்ல சார். பாதிக்கு அலை அசையவே அசையாது. அசையாதத எப்படி ஞாபகம் வச்சிக்கிடும்? அதுக்கு முன்னால பின்பக்கம் பலமாத் தள்ளியிருப்பீய. அதுதான் இங்கன தெரியுது.”

அந்த ஒல்லி மனிதர் முகம் முழுக்கச் சிரித்தார். “ஆமாம்மா. வேணும்னுதான் செஞ்சேன். இணைப்பு சூடாகித்தான் கோணுதுன்னா உங்களால இதைச் சொல்லியிருக்கவே முடியாது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முயன்றேன், முடியவில்லை. ஒரு படிகத்தின் ஞாபகத்தை ஒருத்தர் எதிரிலிருந்து வாசித்துச் சொல்வதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். தான் பார்த்ததைத் தேர்வாளரின் பேச்சுக்காக மாற்றிச் சொல்லாத அந்தத் திடம் எனக்கு வராது. அன்று மட்டுமில்லை, என்றைக்குமே வந்ததில்லை.

யார் எறிந்தது

பிறகு தேர்வாளர் கேட்டார். “இவ்வளவு பளிச்சுனு இருக்கு. இத்தனை வருஷமா இந்த லேப்ல ஏன் யாரும் எழுதல?”

அக்கா முந்திக்கொண்டார். “முன்னால யாரும் சேமிச்சு வைக்கல சார்.”

பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியில் என்னை முழுசாக மறைத்துவிட்டார். அப்படியே உட்கார்ந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் மேஜைக்கு வந்துவிட்டன.

“சேமிக்க விடாதது நான்தான் சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு முறை சொன்னேன். “தூக்கிப் போடச் சொன்னதும் நான். ஆய்வேட்டுல அதைப் பத்தி ஒரு வரி இருந்துது, அதை அடிச்சதும் நான். என் கட்டுரைகள்ல எழுதினது தப்பு.”

தேர்வாளர் பேனாவை மூடினார், திறந்தார்.

“அந்த வரியைத் திரும்பச் சேத்துருங்கம்மா” என்று அக்காவிடம் சொன்னார். பிறகு என்னிடம், “பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிடுங்க” என்றார். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் டாக்டர் ஜெசிந்தாவை பஸ் ஏற்ற ரோட்டு வரைக்கும் போனேன். துறையில் போட்ட மாலையைக் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தார், பஸ்ஸில் நசுங்குமே என்று. என்ன சொல்வதென்று தெரியாமல், “திருத்தத்தை நாம ரெண்டு பேருமாச் சேந்து எழுதலாம் அக்கா. கோடெல்லாம் உங்களுடையது. உங்க பேரை முதல்ல போடுதேன்” என்றேன்.

“வேண்டாம் சார்” என்றார் பட்டென்று. “அஞ்சாம் அத்தியாயம் கட்டுரையா வரும்போது ரெண்டு பேரு பேரும் இருக்கட்டும். தப்பு உங்களுதுதான? அதுல என் பேரு எதுக்கு?”

கேலியாகத்தான் சொன்னார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. திருச்செந்தூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

திருத்தம் போன மாதம் அச்சாகிவிட்டது. அரைப் பக்கம். இருபது வருஷத்தில் நான் வெளியிட்டதில் எல்லாம் கூட்டாளிகள் உண்டு. என் பெயர் மட்டும் தனியாக நிற்கிற முதல் கட்டுரை இதுதான்.